சோத்துக்கையும் மற்றக் கையும்

பந்து குழிக்கு ஒரு முழம் இப்பால் நின்றது. நடக்கத் தொடங்கிய குழந்தை காலால் தட்டினாலும் விழுந்துவிடும் தூரம். உதயகலா மட்டையைப் பந்தின் பின்னால் வைத்தாள். குழியைப் பார்த்தாள், பந்தைப் பார்த்தாள், மறுபடியும் குழியைப் பார்த்தாள். அதற்குள் வலது மணிக்கட்டில் அந்தத் துடிப்பு வந்துவிட்டது, தூண்டில் நூலை மீன் கொத்திப் பார்ப்பதுபோல. அவள் பந்தைத் தள்ளினாள் என்று சொல்ல முடியாது. கை தானாக உதறியது. பந்து குழியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் இன்னொரு முழத்தில் நின்றது.

"போச்சு," என்றாள், தனக்கு மட்டும் கேட்கும்படி.

தகுதிச் சோதனைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

வல்வெட்டித்துறையிலிருந்து கிழக்கே, கடற்கரையோரமாகப் போனால் வருகிற மணல்வெளியில்தான் அந்தச் சின்னக் கோல்ஃப் மைதானம் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற சிலர் சேர்ந்து தொடங்கியது. குழிகள் ஒன்பது. புல் கிடையாது. எங்கள் குடிநீர் என்பது சுண்ணக்கல்லுக்குள் உப்புநீருக்கு மேலே மிதக்கிற ஒரு மெல்லிய நன்னீர்ப் படை. அதை இறைத்துப் புல் வளர்த்திருந்தால் சுற்றியுள்ள கிணறுகளெல்லாம் உவர்த்திருக்கும். அந்த ஒரு விடயத்திலாவது முதலாளிமாருக்குப் புத்தி வேலை செய்தது. குழிகளைச் சுற்றி, கடல்நீர் தெளித்து உருளை போட்டு இறுக்கிய மணல்தளம். மற்ற இடமெல்லாம் கால் புதைகிற மணல். அதனால் ஆடுகிறவர்கள் செயற்கைப் புல்பாய்த் துண்டு ஒன்றைக் கூடவே கொண்டுபோய், பந்தை அதன்மேல் வைத்து அடிக்க வேண்டும்.

உதயகலாவுக்கு முப்பத்தொரு வயது. கடற்தொழில் குடும்பத்தில் பிறந்து, கடற்தொழில் செய்யும் பார்த்தீபனைக் கலியாணம் முடித்தவள். பள்ளிக்கூடத்தில் எல்லே என்கிற மட்டைப்பந்து விளையாட்டு ஆடியவள். அவள் அடித்தால் பந்து மதிலைத் தாண்டும் என்று அந்தக் காலத்தில் பெயர். படிப்பு முடிந்தபின் நெல்லியடியில் ஒரு புடவைக்கடையில் நின்றாள். மைதானம் வந்ததும் நுழைவு ரிக்கற் கொடுக்கவும் பந்து கழுவவும் வந்து சேர்ந்தாள். ஓய்வு நேரத்தில் சும்மா ஒரு மட்டையை எடுத்து அடித்துப் பார்த்தவளின் பந்து, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த ஆண்களின் பந்தைத் தாண்டிப் போய் விழுந்தது. முகாமையாளர் சண்முகநாதன் அதைப் பார்த்தார். நீண்ட காலம் ரொறன்ரோவில் இருந்து திரும்பியவர். சனிக்கிழமைகளில் பெண்பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தும் வேலையை அவளிடம் கொடுத்தார்.

அந்த வகுப்புக்குத்தான் இப்போது ஆபத்து. பிள்ளைகளுக்குப் பழக்குகிறவர்கள் தகுதி பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்று கொழும்பில் உள்ள சங்கம் புதிதாக ஒரு விதி கொண்டுவந்தது. ஒன்பது குழிகளை இரண்டு சுற்று ஆடி, மொத்தம் அறுபத்துநான்கு அடிகளுக்குள் முடிக்க வேண்டும். உதயகலாவின் ஆகத் திறமான ஆட்டமே எழுபது. தேறாவிட்டால் வகுப்பு நிற்கும். ரிக்கற்றும் இப்போது கைத்தொலைபேசியில் வந்துவிட்டதால் அவளுடைய வேலையும் அதோடு நிற்கும். சண்முகநாதன் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"பிள்ளை, தூர அடி உமக்கு ஆம்பிளையளை விடத் திறம். கிட்ட வந்தாப் பிறகு என்ன பேயே பிடிக்குது?"

"தெரியேல்லை சேர். கை நடுங்குது."

"அது மனப்பயம். இடக்கை சும்மா பிடிச்சுக்கொண்டு நிக்கட்டும். தள்ளுறது சோத்துக்கை. சோத்துக்கையை நம்பும்."

அவள் சோத்துக்கையை நம்பினாள். நம்ப நம்ப நடுக்கம் கூடியது.

எங்கள் ஊரில் வலது கைக்குச் சோத்துக்கை என்று பெயர். இடது கைக்கு உள்ள பெயரைச் சாப்பிடும்போது சொல்லமாட்டார்கள். மனிதனின் இரண்டு கைகளுக்கும் குடலின் இரண்டு முனைகளைப் பார்த்துப் பெயர் சூட்டிய சமூகம் இது. அந்தப் பெயரை வைத்து வழி சொல்லுவோம், வண்டி ஓட்டப் பழக்குவோம், பிள்ளையை அடிப்போம். கோல்ஃப் வந்தபோது அதற்கும் அந்தச் சொல்லே போதும் என்று விட்டுவிட்டோம்.

மட்டைகளின் கதை இன்னொன்று. மைதானத்தில் இருந்தவை எல்லாம் கனடாவிலும் இலண்டனிலும் யாரோ ஆடி முடித்து அனுப்பியவை. எல்லாம் ஆண்களுக்கானவை, ஆறடி ஆட்களின் உயரத்துக்கு. பெண்களுக்கு வேண்டுமென்றால் பிடிப்பக்கத்தில் அரிந்து குட்டையாக்கிக் கொடுத்தார்கள். மட்டை என்பது வெறும் நீளம் அல்ல. பிடிக்கும் தலைக்கும் ஒரு நிறைக் கணக்கு உண்டு. பிடிப்பக்கம் அரிந்தால் தண்டு விறைக்கும், நுனியில் தலை இருப்பதே கைக்குத் தெரியாமல் போகும். உதயகலா அதை ஒருமுறை சொல்லியும் பார்த்தாள்.

"சேர், இதுக்குத் தலை இல்லாத மாதிரிக் கிடக்கு. தள்ளேக்கை எங்கை நிக்குதெண்டே விளங்கேல்லை."

"ஆம்பிளையளின்ரை மட்டை வேறை எப்பிடி இருக்கும் பிள்ளை? வெட்டித் தந்ததே பெரிய காரியம்."

ஆணின் சட்டையைச் சுருக்கித் தைத்தால் பெண்ணின் சட்டையாகிவிடும் என்று நினைக்கிற மூளை அது. அந்த மூளை மைதானத்தில் மட்டும் இல்லை. பேருந்து இருக்கையில் இருக்கிறது, அலுவலகக் கதிரையில் இருக்கிறது, எங்கள் பெண்பிள்ளைகளுக்கு நாங்கள் கொடுக்கிற எல்லாவற்றிலும் இருக்கிறது. பொருந்தாத பொருளைக் கொடுத்துவிட்டு, ஆட்டம் சரிவரவில்லை என்று ஆளைப் பழிப்போம்.

அன்று மத்தியானம் பார்த்தீபன் கடலால் வந்து, முற்றத்து நிழலில் வலையைப் போட்டுவிட்டுக் குந்தியிருந்தான். இழுவைப் படகு ஒன்று வலையின் பாதியைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. உதயகலா கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இண்டைக்கு என்ன மாதிரி?"

"கேக்காதேங்கோ."

"பிறகும் அந்தப் பட்டரோ?"

குழியருகே பந்தைத் தள்ளுகிற மட்டைக்குப் பட்டர் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்ட நாள் முதல் பார்த்தீபன் விடுவதாயில்லை.

"உந்த மனேச்சரிட்டைச் சொல்லு, பட்டர் மட்டும் தந்தாக் காணாது, பேக்கரியிலை பாணும் வாங்கித் தரச்சொல்லி."

"உங்களுக்குப் பகிடி. எனக்கு வேலை போகப்போகுது."

அவன் சிரிப்பை நிறுத்தினான். அவளுடைய கையையே பார்த்தான்.

"இஞ்சை பார் கலா. உனக்குக் கை நடுங்குது எண்டுறாய். மீனிலை ஒரு முள்ளுத் தவறாமல் கத்தி போகுது. உது நடுங்கேல்லையே?"

உதயகலா கத்தியைப் பார்த்தாள். அது இடது கையில் இருந்தது.

எப்போதும் அப்படித்தான். கிணற்றடியில், ஒருவரும் பார்க்காத இடத்தில், கத்தி தானாக இடது கைக்குப் போய்விடும். ஆள் வந்தால் வலதுக்கு மாறும். அது ஒரு பழக்கமாகிவிட்டதால் அவள் அதைக் கவனித்ததே இல்லை. வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கதைத்ததும் இல்லை.

சின்ன வயதில் அவள் இடது கையால்தான் எல்லாம் செய்தாள். தாய் பத்மாசினி அந்தக் கைக்கு வேப்பெண்ணெய் பூசிப் பார்த்தாள். பிறகு சேலைக் கிழிசலால் இடுப்போடு சேர்த்துக் கட்டினாள். பாலர் வகுப்பில் ஆசிரியை அடிமட்டத்தால் விரல் மொழியில் தட்டினாள். இரண்டு பேரும் அவளில் அன்பு கொண்டவர்கள். கொடுமை செய்ய எங்கள் ஊரில் வெறுப்புத் தேவைப்படுவதில்லை. பத்துப் பேரில் ஒருவர் இடது கையை முன்வைத்தே பிறக்கிறார். அது சுருள்முடி, நேர்முடி போல ஓர் உடற்செய்தி. அசுத்தம் என்றால் சவர்க்காரம் இருக்கிறது. சாத்திரம் என்பவர்கள், அந்தச் சாத்திரத்தை எழுதிய கை எது என்று யாரிடமாவது கேட்டார்களா என்றும் தெரியவில்லை. ஐந்து வயதுப் பிள்ளையின் நரம்பு ஒன்றைச் சொல்ல, ஊர் இன்னொன்றைச் சொல்ல, ஊரே வென்றது. இருபத்தைந்து வருடம் கழித்து, ஒரு முழத் தூரத்தில் நிற்கிற பந்துக்கு முன்னால் அந்த வழக்கு மறுபடியும் எழும்பி நின்றது.

அடுத்த நாள் அவள் சண்முகநாதனிடம் போனாள்.

"சேர், இடக்கை மட்டை ஏதும் இருக்கே?"

அவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஆருக்கு?"

"எனக்குத்தான்."

"உமக்கு விசரே? சோதனை கிட்ட வருது. ஆரோ தெரியாமல் அனுப்பின ஒரு செட் கிடந்தது. முகப்பிலை இடக்கைச் சாமான் வைக்கக்கூடாதெண்டு பின்னாலை போட்டனான்."

களஞ்சிய அறையின் யன்னலுக்கு முட்டுக்கொடுத்திருந்தது அந்தத் தொகுதியின் பட்டர். மற்றவை பழைய சாக்குகளுக்குக் கீழே கிடந்தன. உதயகலா துடைத்தெடுத்து, வெயிலில் வைத்துப் பார்த்தாள். எல்லா மட்டைகளின் முகங்களும் மறுபக்கம் பார்த்தன. வலது தோளைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டு, பந்தின் மற்றப் பக்கத்தில் நின்று, முதல் தடவையாகப் பட்டரைத் தள்ளினாள். பந்து ஓசையில்லாமல் போய்க் குழிக்குள் விழுந்தது. இன்னொன்று. அதுவும் விழுந்தது. அவளுக்குச் சந்தோசம் வரவில்லை, பயம்தான் வந்தது. இவ்வளவு காலமும் இது எங்கே இருந்தது என்ற பயம்.

அங்கேதான் அவள் ஒரு பிழை விட்டாள். வலக்கை ஆட்டத்தை முழுதாக விட்டுவிட்டு, எல்லா மட்டைகளையும் இடது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. இடக்கைக்காரி என்றால் முழுவதும் இடக்கைக்காரிதானே. அந்த வாரம் அவள் அடித்த தூரப் பந்துகள் தாழம் பற்றைக்குள் போயின, கடலுக்குள் போயின, ஒன்று தேநீர்க் கொட்டிலின் தகரத்தில் விழுந்து உள்ளே இருந்தவர்களை வெளியே ஓடவைத்தது. எழுபது எண்பதானது. சனிக்கிழமை வகுப்பில் ஒரு பெட்டை கேட்டேவிட்டாள்:

"அக்கா, நீங்கள் மறந்து போனியளோ?"

வீட்டில் தாய் பத்மாசினி வேறு காத்திருந்தாள். யாரோ வந்து சொல்லியிருக்கிறார்கள்.

"சந்தியிலை கதைக்கினம். நீ ஆம்பிளையளுக்கு முன்னாலை உந்தக் கையைத் தூக்கி விளையாடுறியாம்."

"கையைத்தானே அம்மா தூக்கினன்."

"எத்தினை பாடு பட்டு மாத்தினனான் தெரியுமே? உனக்குக் கலியாணம் பேசி வரேக்கை, பிள்ளை தேத்தண்ணித் தட்டை எந்தக் கையாலை நீட்டுது எண்டு பாத்துக்கொண்டு இருந்தவை. நான் உள்ளை நிண்டு நடுங்கினனான்."

"ஓம் மாமி, நானும் பாத்தனான்," என்றான் பார்த்தீபன் வலைக்குள்ளிருந்து. "எனக்குத் தட்டிலை வடை இருக்கோ எண்டதுதான் கவலை."

பத்மாசினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கண் சிரிக்கவில்லை. "உங்களுக்கு விளங்காது தம்பி. சனம் பொல்லாதது. நாளைக்கு வேலையும் போய், இடக்கைச்சி எண்ட பேரும் நிண்டால் என்ன செய்யிறது?"

தாயின் பயம் மூடநம்பிக்கையிலிருந்து பிறந்தது. ஆனால் பயம் மெய்யானது. மூடநம்பிக்கைகள் அப்படித்தான் உயிர்வாழ்கின்றன. நம்புகிறவர்கள் இல்லாமல் போனபிறகும், பயப்படுகிறவர்கள் அவற்றைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள்.

மறுநாள் காலை, ஆத்திரம் தாங்காமல், அரிந்த பழைய வலக்கை மட்டை ஒன்றை எடுத்து, பழைய பக்கத்தில் நின்று, ஒரு அடி அடித்தாள். பந்து நேராகப் போய் மணல்தளத்தின் நடுவில் விழுந்தது. தோளில் தொங்கிய பையில் இருந்து இடக்கைப் பட்டரை உருவினாள். மற்றப் பக்கம் போய் நின்று தள்ளினாள். முதல் தள்ளலிலேயே குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அடுத்த குழியிலும் அப்படியே செய்தாள். அதற்குப் பிறகுதான் நின்று யோசித்தாள்.

தூர அடியை அவள் உடம்பு எல்லே ஆடிய காலத்திலேயே வலது பக்கமாக நின்று பழகிவிட்டது. அந்தப் பக்கமாக நிற்கும்போது மட்டையை இழுத்துக்கொண்டு முன்னே போவது இடது கை. அவளுடைய பலமான கை. அதனால்தான் பந்து பறந்தது. கிட்ட ஆட்டத்தில் கதை மாறுகிறது. அங்கே பலம் வேண்டியதில்லை, பின்னால் நிற்கிற கையின் உணர்ச்சிதான் வேண்டும். அந்த இடத்தில் நின்றது ஊர் பழக்கிய வலது கை. அதற்குச் சோறு அள்ளத் தெரியும், கையெழுத்துப் போடத் தெரியும், தட்டு நீட்டத் தெரியும். பந்து நிற்கிற தூரத்தை அதற்கு உணரத் தெரியாது. ஆக, தூரத்துக்கு ஒரு பக்கம், கிட்டத்துக்கு மறுபக்கம். இரண்டில் எதையும் கைவிட வேண்டியதில்லை.

இடக்கைப் பட்டரும், முகம் வானத்தைப் பார்த்துச் சாய்ந்த வெட்ஜ் என்கிற குட்டை மட்டையும் போதும். இரண்டும் அவளுடைய உயரத்துக்கு மிஞ்சிய நீளம். அரிந்தால் மறுபடியும் தலை இல்லாமல் போய்விடும். அதைத்தான் அவள் மத்தியானம் பார்த்தீபனிடம் சொல்லி அலுத்துக்கொண்டாள்.

"தலை பாரம் காணாது, அவ்வளவுதானே?" என்றான் அவன். கிழிந்த வலையின் அடிக்கயிற்றில் கோத்திருந்த ஈயக்குண்டுகள் சிலவற்றைக் கழற்றினான். சுத்தியலால் தகடாகத் தட்டினான். இரண்டு மட்டைகளையும் பிடிப்பக்கத்தில் அவளுடைய உயரத்துக்கு அரிந்தான். அரிந்த மட்டைகளின் தலைக்குப் பின்புறம் ஒவ்வொன்றாக ஒட்டி, அவளிடம் கொடுத்து, தள்ளிப் பார்க்கச் சொன்னான்.

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

"கூடிப்போச்சு. கழட்டுங்கோ."

"பொன் நிறுக்கிற மாதிரியெல்லோ நிறுக்கிறாய்."

பின்னேரம் வரை ஒட்டுவதும் கழற்றுவதுமாகப் போனது. கடைசியில் உதயகலா கண்ணை மூடிக்கொண்டு பட்டரை ஆட்டினாள். தலை எங்கே நிற்கிறது என்று கைக்குத் தெரிந்தது.

சோதனை நாளன்று சோளகம் விடிய முன்னரே தொடங்கிவிட்டது. தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிற காற்று. கூட இன்னும் சிலர் சோதனைக்கு வந்திருந்தார்கள், எல்லோரும் ஆண்கள். கொழும்பிலிருந்து வந்த பரிசோதகரின் பெயர் மரியரட்ணம். கட்டையான, கறுத்த, குறைவாகக் கதைக்கிற மனிதர். ஊர் இளவாலைப் பக்கம் என்று யாரோ சொன்னார்கள். பத்மாசினி வேலிக்கு வெளியே, வேப்பமர நிழலில், ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

உதயகலாவின் பையைப் பார்த்ததும் சண்முகநாதனின் முகம் கறுத்தது.

"என்ன பிள்ளை இது? இதுக்குள்ளை ரெண்டு பக்கத்து மட்டையும் கிடக்கு. இது என்ன விளையாட்டோ, சர்க்கஸோ?" அவர் மரியரட்ணத்திடம் திரும்பினார். "சேர், குறை நினைக்காதேங்கோ. நாங்கள் இப்பிடிப் பழக்கேல்லை."

விதி என்ன சொல்கிறது என்று உதயகலா யாரிடமும் கேட்டிருக்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. இத்தனை பாடும் இந்த வாசலிலேயே முடியப்போகிறது என்று நினைத்தாள்.

மரியரட்ணம் பையில் இருந்த மட்டைகளை விரலால் எண்ணினார். பட்டரை எடுத்து, பின்புறம் ஒட்டியிருந்த ஈயத்தைத் தடவிப் பார்த்தார்.

"என்ன இது?"

"வலை ஈயம் சேர்."

"ஆட்டத்துக்கு நடுவிலை கழட்டவோ ஒட்டவோ கூடாது. விளங்குதோ?"

"ஓம் சேர்."

"மட்டையின்ரை எண்ணிக்கைக்குக் கணக்கு இருக்கு. பக்கத்துக்குக் கணக்கு இல்லை. தொடங்குங்கோ."

முதற் சுற்றில் அவளுக்கு நினைவில் நின்றது பயம் மட்டும்தான். முதற் குழியில் தூர அடி நன்றாக விழுந்தது. பட்டரோடு மற்றப் பக்கம் போய் நின்றபோது பின்னால் யாரோ சிரித்தது கேட்டது. "உங்கை பார், திரும்பி நிக்கிறாள்." பந்தைத் தள்ளினாள், குழிக்கு அருகில் நின்றது. அடுத்ததில் விழுந்தது. மூன்று அடி. இப்படியே கொஞ்சத் தூரம் போனது. ஆறாம் குழியில் காற்று பந்தைத் தாழம் பற்றைக்குள் கொண்டுபோனது. எடுத்து வர இரண்டு அடி கூடுதலாகப் போயிற்று. ஒவ்வொரு குழி முடியவும் அவள் மனம் கணக்குப் பார்த்தது. ஒவ்வொரு கணக்கும் விளிம்பிலேயே நின்றது. இரண்டாம் சுற்றில் ஆட்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது. சிரிப்புச் சத்தத்தில் ஒளிந்துகொள்ளலாம், அமைதியில் ஒளிந்துகொள்ள இடம் இல்லை.

கடைசிக் குழிக்கு வந்தபோது அறுபத்தொரு அடி முடிந்திருந்தது. மூன்று மிச்சம்.

அந்தக் குழி கடலைப் பார்த்தது. காற்று முதுகுப் பக்கம். அவள் குறைத்துத்தான் அடித்தாள். ஆனாலும் சோளகம் பந்தைத் தூக்கிக்கொண்டு மணல்தளத்தையும் தாண்டி, கடற்பக்கச் சரிவில் போட்டது. வேலியோரம் ஒரு முனகல். அது தாயினுடையது என்று உதயகலாவுக்குத் தெரிந்தது.

இனிக் காற்றுக்கு எதிராக, மேட்டுக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத குழியை நோக்கிப் பந்தை எழுப்ப வேண்டும். புல்பாய்த் துண்டை விரித்து, பந்தை வைத்தாள். இடக்கை வெட்ஜை எடுத்தாள். சரிவு ஏறிப் போய்க் கொடிக்கம்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். பலமாக அடித்தால் பந்து அப்பால் போகும், குறைத்தால் காற்று திருப்பி அவளுடைய காலடிக்கே கொண்டுவரும். "சோத்துக்கையை நம்பும்" என்ற குரல் தலைக்குள் கேட்டது. அவள் வலது கையைச் சும்மா பிடித்துக்கொண்டு நிற்கவிட்டாள்.

மட்டை பந்துக்கு அடியில் போனது. பந்து எழுந்தது, காற்றில் ஒரு கணம் தயங்கியது, மேட்டுக்கு அப்பால் மறைந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. அவள் ஓடி ஏறினாள்.

பந்து குழிக்கு ஒரு பாகம் தள்ளி நின்றது, விரித்த இரண்டு கைகளின் அகலம்.

ஒரே ஒரு தள்ளல்தான் மிச்சம். நடுக்கம் தோளுக்கு வந்தது, முழங்கைக்கு வந்தது. மணிக்கட்டுக்கும் வரும் என்று அவள் காத்து நின்றாள். பந்துக்குப் பின்னால் பட்டரை வைத்துக்கொண்டு, ஒரு குற்றவாளி தீர்ப்புக்குக் காத்திருப்பதுபோல, அதற்காகக் காத்தாள். மணிக்கட்டுக்கு அது வரவில்லை. வராததை நம்ப முடியாமல் இன்னும் கொஞ்சம் நின்றாள்.

"பிள்ளை," என்றார் மரியரட்ணம். "நேரம் போகுது."

தள்ளினாள். ஈரமணலில் ஒரு மெல்லிய கோடு விழுந்தது. அந்தக் கோடு குழியின் விளிம்பில் முடிந்தது.

அவர் அட்டையில் கூட்டிப் பார்த்தார், மறுபடியும் கூட்டினார். "அறுபத்துநாலு. போதும்."

சண்முகநாதன் கைகொடுத்தார். "நான் சொன்னனான்தானே, பயத்தை விட்டால் வருமெண்டு," என்றார். உதயகலா மணலில் அப்படியே குந்திவிட்டாள். பத்மாசினி வேலியைச் சுற்றி வந்து மகளின் தலையைத் தடவினாள். பார்த்தீபன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினான்.

"முடிஞ்சுதெல்லோ. இப்ப என்னத்துக்கு நடுங்கிறாய்?"

"சனிக்கிழமை வகுப்பிருக்கு."

"அதுக்கு?"

"எல்லாரையும் ஒரே பக்கமாத்தான் நிப்பாட்டி விட்டிருக்கிறன். ஒருத்தியைக் கூடக் கேக்கேல்லை."

சனிக்கிழமை அவள் ஒரு பிள்ளைக்கும் மட்டை கொடுக்கவில்லை. கடலைப் பார்க்க வரிசையாக நிற்கவிட்டு, ஆளுக்கு ஒரு பழைய பந்தை முன்னால் மணலில் வைத்தாள். எடுத்து எறியச் சொன்னாள். எல்லோரும் எறிந்தார்கள். ஆரபி என்கிற பெட்டை மட்டும் குனிந்து பந்தை எடுத்தவள், எடுத்த கையைப் பார்த்துவிட்டு, மற்றக் கைக்கு மாற்றினாள். பிறகு இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் எறியேல்லை?"

பிள்ளை வேலிப் படலைப் பக்கம் பார்த்தாள். அங்கே அவளுடைய தாய் நின்றாள். நிலைமை விளங்கியதும் தாய் கிட்ட வந்தாள். குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"தங்கச்சி, நீர் எப்பிடியும் விளையாடும். என்ரை பிள்ளைக்கு உந்தப் பழக்கத்தைப் பழக்க வேண்டாம். இப்பதான் ஒரு மாதிரி மாத்திக்கொண்டு வாறம்."

"நான் பழக்கேல்லை அக்கா. அது பழக்காமலே வந்தது. நீங்கள் பழக்கினது மற்றக் கையை."

தாய் மகளின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகவில்லை. படலையடிக்குத் திரும்பிப் போய், குடையை விரித்துக்கொண்டு நின்றாள். அடுத்த சனிக்கிழமை பிள்ளையை அனுப்புவாளோ மாட்டாளோ என்று அந்த முகத்தில் இருந்து ஒன்றும் அறிய முடியவில்லை. உதயகலா குனிந்து, ஆரபியின் பொத்திய கைகளைத் தொடாமல், அவளுக்கு முன்னால் மணலில் இன்னொரு பந்தை வைத்தாள்.